மழை ஓய்ந்த வேளையில் ஒரு கித்தார்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து மேலேறும் சாலையில், ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியா பார்முக்குக் காய்கறியும் ஸ்டிராபெரியும் வாங்க வந்து போகிறவர்கள், அங்கே ஒரு தகரக் கூரையின் கீழ்த் தனித்திருந்து கித்தார் மீட்டி, அந்த நாதத்தைத் தன் வீட்டிலேயே பதிவு செய்துகொள்ள விரும்புகிறவனுடைய சங்கடங்களை அறிந்திருக்க நியாயமில்லை. அந்த விருப்பத்தில் பல வருஷங்களைச் செலவிட்டவன் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன்.

பதிவு நன்றாக அமையாவிட்டால் உயர்ந்த விலையில் ஒரு மைக் வாங்கிவிட வேண்டும் என்றே மனம் முதலில் தாவுகிறது. 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியிலுள்ள தம் வீட்டில், நான்கு தடக் காசெட் கருவி ஒன்றையும் சாமானிய மைக்குகளையும் வைத்துக்கொண்டு பாடிப் பதிந்தவையே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக அவ்வருஷமே வெளிவந்தன என்பதை நினைத்தால், அந்தத் தாவல் சற்று அடங்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது மரம். கித்தாருக்கு உகந்த காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். எங்கள் மலையிலோ மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் புகுந்துவிடும். ஈரத்தைக் குடித்த மேற்பலகை உப்பி எழ, தந்திகள் விரல்கட்டையை விட்டு உயர்ந்து, ஸ்வரம் மழுங்கிப்போகிறது. வாசித்து முடித்ததும் வாத்தியத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் பெட்டியில் வைத்து மூடுவதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மைக்கின் ஸ்தானம். ஒலி வெளிவரும் வாய் என்று எண்ணி வட்டத் துவாரத்துக்கு நேரே அதை நிறுத்துகிறவர்கள் அநேகர். ஆனால் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்து, அந்தத் துவாரத்தின் வழியாகவே வெளிப்படுவதால், கீழ் ஸ்வரங்கள் பானைக்குள் பேசுவதுபோல் கும்மென்று ஒலிக்கும். பன்னிரண்டாம் பிரெட்டுக்கு எதிரே, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் வைத்து, துவாரத்துக்கு நேராக அல்லாமல் கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கித் திருப்பினால், விரல் தந்தியைத் தொடும் நுட்பமும் மரத்தின் கார்வையும் சமமாகச் சேர்ந்து வரும். அங்கிருந்து இரண்டு விரற்கடை நகர்த்தினாலும் குணம் மாறும். சுவர் மூலையில் உட்காரலாகாது. அங்கே கீழ் ஸ்வரங்கள் திரண்டு தேங்கும். முதுகுக்குப் பின்னே தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டால் எதிரொலி தணியும். ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கு அருகில் நின்றால் போதும். 24 பிட் பதிவில் பிற்பாடு உயர்த்திக்கொள்ளலாம்.

எஞ்சியது கூரை. தகரத்தில் விழும் மழையைப் பதிவிலிருந்து பிரித்தெடுக்க எந்தக் கருவியாலும் செவ்வையாக இயலாது. ஆதலால் சந்தையின் லாரிகள் புறப்படுமுன், மழை ஓய்ந்த விடியற்காலத்தில், குளிர்பெட்டியை நிறுத்திவிட்டு அமர்கிறேன். கடைசி ஸ்வரத்தை மீட்டிய பின், அது மரத்துக்குள் முற்றிலும் அடங்கி, இறவாரத்திலிருந்து ஒரு துளி சொட்டுவது காதில் விழும் வரையில், கையை எடுப்பதில்லை.