வீட்டுப் பட்டறைக்கு மரமும் ஒட்டுப்பலகையும் வாங்கும் வகை

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் வீட்டின் ஒரு புறத்தில் சிறு தச்சுப் பட்டறை வைத்திருக்கும் அங்கத்தினர்கள், உளிக்கும் வாளுக்கும் செலுத்தும் கவனத்தை மரத்தின்மீது செலுத்துவது அரிது. ஈரப் பலகையை வாங்கிச் செய்த அலமாரிக் கதவு சில மாதங்களில் கோணிப் போகவே, கூலியும் பொருளும் ஒருங்கே வீணாகின்றன. இந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழிகள் ஈண்டுக் கூறப்படுகின்றன.

மரம் கிடைக்குமிடம்: கடலூருக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரிலுள்ள பண்ருட்டி, பலாவுக்குப் பேர்போனது. தஞ்சாவூர் வீணை செய்வதற்கு அப்பக்கத்துப் பலாமரம் கொண்டுபோகப்படுவதே அதன் தரத்திற்குச் சான்றாகும். 2011 டிசம்பர் 30-ல் வீசிய ‘தானே’ புயலில் அங்கே பலாவும் முந்திரியும் ஏராளமாய்ச் சாய்ந்தன. சாய்ந்த மரத்தைக் காலத்தில் அறுத்து நிழலில் அடுக்காவிடின், அது வெடித்தும் பூச்சியரித்தும் விறகுக்கே மிஞ்சும். சிதம்பரம் பக்கத்தார் தங்கள் ஊர்ப் பூவரசு, வேம்பு, வாகை ஆகியவற்றை முதலில் நோக்குதல் நலம். சவுக்கு கம்பத்துக்கு உதவுமேயன்றிப் பலகைக்கு ஏற்றதன்று.

எவ்விடத்தில் எம்மரம் விலைக்கு வருகிறது என்பதை ஊர்த் தச்சரும் மரம் அறுக்கும் ஆலைக்காரரும் நன்கறிவர். அவர்களை விசாரித்த பின்னரே மரவாடிக்குச் செல்க.

அளவு: தடியின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதில் நாலிலொரு பங்கை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையை நீளத்தால் பெருக்குவது வழக்கம். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடியாயின் கணக்கு 10 கன அடி. உருண்டைத் தடியின் மெய்யளவு ஏறக்குறைய 12¾ கன அடியாகும். மிகுதி அறுப்புச் சேதத்திற்கு ஈடென்று கொள்க. அறுத்த பலகைக்கு, அடியில் நீளத்தையும் அங்குலத்தில் அகலம், கனம் இரண்டையும் பெருக்கி 144-ஆல் வகுக்கவும். 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள பலகை அரைக் கன அடியாகும்.

உலர்த்தல்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாசியில் மரத்தை அறுப்பது உத்தமம். பலகைகளைத் தரையில் படாமல், இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை வைத்து, காற்றோட்டமான கொட்டகையில் அடுக்குக. வெட்டுமுனைகளில் வர்ணம் பூசினால் வெடிப்புக் குறையும். ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்து வருக; எடை குறைவது நின்றபோது பலகை வேலைக்குத் தயாராயிற்று என்றறியலாம்.

ஒட்டுப்பலகை: மெல்லிய மரத்தகடுகளை ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டுவதால், பிளைவுட் எளிதில் சுருங்குவதில்லை. ஆகவே அகன்ற முதுகுப் பலகைக்கும் இழுப்பறை அடிக்கும் ஏற்றது. சாதாரணமாக 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடித் தாளாக இரு நகரங்களின் கடைகளிலும் கிடைக்கும். ஐ.எஸ். 303 பொது உபயோகத்திற்கும், ஐ.எஸ். 710 நீர்படும் இடத்திற்கும் உரிய தரங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் உரிம எண்ணையும் பார்த்து வாங்குக, அவ்வெண்ணை பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கலாம். விளிம்பில் இடைவெளி தெரிந்தாலும், தட்டினால் பொள்ளென்று ஒலித்தாலும் விலக்குக.

எச்சரிக்கை: புறம்போக்கு மரத்தை அனுமதியின்றி வெட்டலாகாது. தேக்கு முதலிய மரங்களைச் சொந்தப் பட்டா நிலத்திலிருந்தே கொண்டுவருவதாயினும், முன்னதாகக் கிராம நிர்வாக அலுவலரையும் வனச்சரக அலுவலகத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்க. விற்பவரிடம் ரசீது பெறுவது அவசியம்.

தனியொருவர் நாலைந்து பலகைக்காக ஒரு முழுத் தடியை வாங்க இயலாது. ஐந்தாறு அங்கத்தினர் கூடினால் தடியும் வண்டிக்கூலியும் அறுப்புக்கூலியும் பங்காகும். சங்கம் ஒரு கொட்டகையை மட்டும் ஒதுக்கித் தந்தால், இவ்வருஷம் அறுத்த மரம் அடுத்த வருஷ வேலைக்கு உலர்ந்து காத்திருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.