சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

தில்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் பெரும்பகுதி ரயில்வேயில், டிரெயின் லைட்டிங் பிரிவில் கழிந்தது. நான் வேலை பார்த்த காலத்துப் பெட்டிகளில், சக்கர அச்சோடு பெல்ட் போட்டு ஓடும் ஆல்டர்னேட்டர் ஒன்று அடியில் தொங்கும். வண்டி ஓடும்போது அது 110 வோல்ட் பாட்டரியை நிரப்பும். வண்டி நின்றால் பாட்டரிதான் விளக்குக்கும் விசிறிக்கும் கதி. ஓடுகிற வீட்டுக்குள் மின்சாரம் எப்படி வருகிறது, எப்போது தீருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஓர் இரவில் கலைந்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2019 செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்காவில் இருக்கும் என் மகன் மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்களை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனான். லாரி மாதிரி வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கெய்சர், குளியலறை எல்லாம் உண்டு. நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அப்பா அம்மா வந்தால் இப்படி ஒரு பயணம் போவது சகஜமாகிவிட்டது. ஆகவே அந்த வண்டியின் சாதனங்களைப் பற்றி நாலு வார்த்தை தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் மின்சாரம். மோட்டார் ஹோமில் இரண்டு மின்சாரம் உண்டு. ஒன்று 12 வோல்ட் டி.சி.; பாட்டரியிலிருந்து வருவது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி எல்லாம் இதில் ஓடும். இன்னொன்று 120 வோல்ட் ஏ.சி.; முகாமில் உள்ள கம்பத்தில் கேபிளைச் சொருகினாலோ வண்டியின் ஜெனரேட்டரை ஓட்டினாலோ கிடைக்கும். குளிர்சாதனம், மைக்ரோவேவ் இரண்டுக்கும் இதுதான் வேண்டும்.

கம்பத்தில் செருகினால் கவலை இல்லை என்று நினைக்கக்கூடாது. எங்கள் வண்டி 30 ஆம்பியர் வண்டி. 120-ஆல் பெருக்கினால் 3,600 வாட், அவ்வளவுதான். கூரையில் உள்ள குளிர்சாதனம் 12, 13 ஆம்பியர் இழுக்கும். மைக்ரோவேவ் ஏறக்குறைய 12. இரண்டும் ஓடும்போது காப்பிக்காக என் மனைவி மின்சாரக் கெட்டிலைப் போட்டாள். அது ஒரு 12. கூட்டிப் பாருங்கள்! பிரேக்கர் விழுந்து வண்டி முழுக்க ஏ.சி. மின்சாரம் போயிற்று. மூன்றில் ஒன்றையாவது நிறுத்திவைப்பது என்று அன்று முதல் விதி போட்டோம்.

அடுத்து ஃப்ரிட்ஜ். எங்கள் வண்டியில் இருந்தது உறிஞ்சல் முறை ஃப்ரிட்ஜ். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் போல் அதில் கம்ப்ரஸர் கிடையாது. அசையும் உறுப்பே இல்லை. 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. சின்னக் கேஸ் சுடர் ஒன்று, அல்லது மின்சூடேற்றி, அம்மோனியா கலந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் இருக்கும் குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். கடைசியில் தண்ணீரில் கரைந்து கொதிகலத்துக்கே திரும்பும். நெருப்பை வைத்துக் குளிர்ச்சி!

இதில் பம்ப் கிடையாது. திரவம் தன் எடையாலேயே வழிந்து திரும்ப வேண்டும். அதனால் வண்டி நிற்கும் இடம் மட்டமாக இருக்கவேண்டும். சரிவில் நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓட்டினால் திரவம் ஒரு பக்கம் தேங்கி, கொதிகலம் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதைச் சரிசெய்ய முடியாது. வண்டி ஓடும்போது ஆட்டத்தில் இது நேராது, நிற்கும்போதுதான் ஆபத்து. கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்றை ஃப்ரிட்ஜுக்குள் தட்டில் வைத்துப் பார்த்து, தேவையான சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்தால் போதும். இன்னொன்று, இது மெதுவாகத்தான் குளிரும். முதல் நாள் இரவே போட்டுவிடுங்கள். சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். இப்போது வரும் பல வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்தான். அதற்கு மட்டம் அவ்வளவு முக்கியமில்லை, ஆனால் பாட்டரியைத் தின்னும்.

கெய்சருக்கு ஒரே விதி. தொட்டியில் தண்ணீர் நிரம்பி, சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்ச் போடவேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் மின்சூடேற்றி நிமிஷத்தில் கருகிவிடும்.

இனி அந்த இரவு. கிராண்ட் வில்லேஜ் என்ற முகாமில் தங்கினோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,800 அடி உயரம். அங்கே மின்கம்பம் கிடையாது. இரவில் ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி இல்லை. சாயங்காலம் பேரப்பிள்ளைகள் இன்வெர்ட்டரில் டி.வி. பார்த்தார்கள், எல்லா விளக்கும் எரிந்தது. ஹீட்டர் கேஸில் ஓடுவதுதானே, குளிருக்குப் பயமில்லை என்று நானும் சும்மா இருந்தேன்.

அங்கேதான் தப்பு. ஹீட்டர் எரிவது கேஸில். ஆனால் அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறி ஓடுவது பாட்டரியில். அது ஏழு, எட்டு ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, அளந்தால் 12.2 வோல்ட்டுக்கு வரும்போதே பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மிச்சப் பாதியையும் டி.வி. சாப்பிட்டுவிட்டது. நடுராத்திரி விசிறி நின்றது. விசிறி நின்றால் பாதுகாப்புக்காகச் சுடரும் அணைந்துவிடும். வெளியே உறைபனிக் குளிர்.

"ஏங்க, குளிர் தாங்கலை. பிள்ளைங்க நடுங்குது. அடுப்பையாவது கொஞ்சம் பத்தவைக்கட்டுமா?" என்றாள் மனைவி. அரைத் தூக்கத்தில் நானும் "சரி, வை" என்றேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. இரண்டு பர்னர் எரிந்தன. இதமாக இருந்தது, நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த கருவி ஒன்று வீறிட்டு அலறியது. மருமகள் எழுந்து ஓடிவந்து, "மாமா, கார்பன் மோனாக்சைடு அலாரம்! அடுப்பை அணைங்க, எல்லாரும் வெளியே வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள். போர்வையோடு எல்லோரும் வெளியே நின்றோம். எனக்கு லேசாகத் தலைவலி. உயரத்தினால் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கப்படவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் நாள் மிளகாய் தாளித்தபோது புகை அலாரம் கத்தியது. "இந்த அலாரத்தையெல்லாம் கழட்டி வச்சுடு" என்று சொன்னவன் நான்தான். மருமகள் கேட்கவில்லை. அந்தப் பெண் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ!

காரணம் எளிது. மூடிய சின்ன இடத்தில் அடுப்பு எரிந்தால் பிராணவாயு குறையும். குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அந்த உயரத்தில் காற்றே நம் ஊரைவிடக் கால் பங்கு மெலிது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகச் சேரும். தலைவலி, குமட்டல், தூக்கம், தூங்கியவர் எழுவதில்லை. ஹீட்டர் தன் புகையைத் தனிக் குழாய் வழியாக வெளியே விடும். சமையல் அடுப்புக்கு அது கிடையாது. ஆகவே அடுப்பு சமைக்க மட்டும்தான், அதுவும் ஜன்னலைத் திறந்து, புகை விசிறியைப் போட்டுக்கொண்டு. கேஸ் கசிவைக் காட்டும் கருவி தரைக்குப் பக்கத்தில் இருக்கும், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால். அதன் முன்னால் பெட்டியை அடுக்கி மறைக்காதீர்கள். எந்த அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பின்னால் உள்ள தேதியைப் பாருங்கள்.

வண்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தபின் நான் நினைத்துக்கொண்டது நம் தில்லியைத்தான். ஜனவரியில் கதவை மூடிக்கொண்டு அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று குளிர்காலம் தோறும் பேப்பரில் படிக்கிறோம். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கெய்சரை மாட்டிவிட்டு உயிரை விட்டவர்களும் உண்டு. இடம்தான் வேறு, வாயு அதேதான்.

ஆகவே அன்பர்களே, மோட்டார் ஹோமில் ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி: எதைப் பற்றவைக்கும் முன்பும், அதற்குக் காற்று எந்த வழியாக வருகிறது, புகை எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் கெய்சர் இருக்கும் வீட்டில் அதை இன்றைக்கே போய்ப் பாருங்கள்.