உங்களுக்குத் தெரியுமா? வாளும் மாயமும்

ஜப்பானிய வாள்சண்டைப் படங்களுக்கு அங்கே செல்லப்பெயர் ‘சான்பரா’. வாள் மோதும் ‘சான் சான்’, சதை அறுபடும் ‘பரா பரா’ ஆகிய ஓசைக்குறிப்புகளிலிருந்து வந்த பெயர் இது.

சாமுராய் கதைகளில் மாயமந்திரம் நேற்று புகுந்ததல்ல. 1921-இல் ஷோசோ மகினோ எடுத்த ‘ஜிராய்யா’ மௌனப் படத்திலேயே நாயகன் ராட்சதத் தேரையாக மாறிவிடுவான். இந்த வித்தை மகினோவுக்குக் கிடைத்ததே தற்செயலாகத்தானாம். ஒரு படப்பிடிப்பில் பிலிம் மாற்றக் கேமராவை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் நடிகர் ஒருவர் ஒதுங்கப் போய்விட்டார். படத்தைப் போட்டுப் பார்த்தால் ஆள் பட்டென்று மறைகிறார்! கொஞ்சம் கைச்சரக்கும் சேர்ந்த கதையாக இருக்கலாம். விட மனசு வரவில்லை.

1637-இல் ஷிமாபாராவில் கிறிஸ்தவ விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைமை தாங்கிய அமகுசா ஷிரோ பதின்வயதுப் பையன். மறு வருடம் தலை துண்டிக்கப்பட்டான். கின்ஜி ஃபுகாசாகுவின் ‘மகாய் தென்ஷோ’ (1981) அங்கிருந்துதான் கிளம்புகிறது: கடவுளே கைவிட்டுவிட்டார் என்ற ஆத்திரத்தில் ஷிரோ ஆவியாக எழுந்து, செத்த வீரர்களையும் எழுப்புகிறான். எதிர்த்து நிற்பவன் ஒற்றைக்கண் யாக்யூ ஜூபெய். நடித்தவர் சோனி சிபா. பேயாகிவிட்ட சொந்தத் தகப்பனுடன் எரியும் கோட்டைக்குள் அவர் மோதும் கட்டத்துக்காகவே படத்தை இரண்டு முறை பார்க்கலாம். வில்லன் பக்கமும் நியாயம் இருப்பதால் வாள் வீச்சு இன்னும் உறைக்கிறது.

இதே ஃபுகாசாகு 1983-இல் எடுத்த எட்டு வீரர்கள் கதைக்கு மூலம் பாகின் எழுதிய நாவல். 1814-இல் தொடங்கி 28 வருடம் எழுதினார். இடையில் கண்பார்வை போனதும், மருமகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, தான் சொல்லச் சொல்ல அவரை எழுதவைத்து முடித்தார்.

1966-இல் ஒரே வருடத்தில் மூன்று ‘டைமஜின்’ படங்கள் வந்தன. அக்கிரமம் எல்லை மீறினால் கற்சிலை எழுந்து வந்து கொடுங்கோலனை நசுக்கும். முகத்தின் குறுக்கே கையைக் கொண்டுபோனால் சாந்த முகம் ரௌத்திரமாகிவிடும். அந்தச் சிவந்த கண்கள் பொம்மைக் கண்களல்ல, உடைக்குள் இருந்த நடிகருடையவை. அவர் முன்னாள் பேஸ்பால் வீரர் ஹஷிமோட்டோ. புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யில் வில்லன் சுசுகியாக வருபவரும் இவர்தான்.

நாயகன் வாள் வீசினால் விழ ஆள் வேண்டுமே? கியோட்டோவின் செய்சோ ஃபுகுமோட்டோ அதையே தொழிலாகச் செய்தார். ‘ஐம்பதாயிரம் முறை வெட்டுப்பட்டவர்’ என்பது அவருக்குப் பட்டம். வெட்டு விழுந்ததும் இறாலைப்போல முதுகைப் பின்னால் வளைத்து, கேமராவுக்கு முகம் தெரியும்படி சரிவார். அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் 2014-இல் வந்தது. அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.