தரைமூடிச் செடியின் இலை மஞ்சளாகும்போது கவனிக்க வேண்டியவை

ஐக்கிய அரபு அமீரகத்தில் வில்லாக்களின் முகப்பிலும் நடைபாதை ஓரங்களிலும் தாழ்வாகப் படர்ந்து, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் வெண்பூ முட்செடியைக் குடியிருப்பாளர்கள் கண்டிருப்பர். செடி விற்பனையாளர்கள் இதனைக் ‘கரிசா’ என்பர். தென்னாப்பிரிக்கக் கடலோரத்தைத் தாயகமாகக் கொண்ட இது, நம் ஊர்க் களாச்செடிக்கு நெருங்கிய உறவாகும். வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கும் இச்செடி, வேரடியில் தேங்கும் நீரைத் தாங்குவதில்லை. ஆகவே, இலை மஞ்சளானவுடன் நீரைக் கூட்டுதல் கூடாது; முதலில் காரணத்தை அறிதல் வேண்டும்.

இரும்புச்சத்துக் குறைபாடு: தளிரிலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். இந்நாட்டு மண் பெரும்பாலும் சுண்ணாம்பு மிக்க கார மண்ணாதலால், அதிலுள்ள இரும்பை வேர்கள் எளிதில் உறிஞ்ச இயலாது. கார மண்ணுக்குரிய கிலேட் இரும்பு உரத்தை, உறையில் குறிக்கப்பட்ட அளவில் இடவும்.

வேரழுகல்: இலைகள் பரவலாக மஞ்சளாகி உதிரும்; மண் ஈரமாகவே இருக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் செலுத்திப் பார்த்து, ஈரம் இருப்பின் நீர் விடுவதை நிறுத்தவும். சொட்டுநீர்க் குழாயின் நேர அமைப்பைக் குளிர்காலத்தில் குறைக்க மறவாதீர்.

உப்புப் படிவு: இலையின் ஓரங்கள் கருகும். நாள்தோறும் சிறிதளவே விடப்படும் நீர் ஆவியாகி, உப்பை மேல்மண்ணில் விட்டுச் செல்கிறது. நீர் வடியும் மண்ணில், இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும்.

மாவுப்பூச்சி: கணுக்களில் வெண்பஞ்சு போல் காணப்படும். மென்மையான சோப்புக் கரைசலை மாலையில் தெளிக்கவும்.

கிளைகளைக் கத்தரிக்கையில் கையுறை அணிக. முட்கள் கூரியவை, வெட்டுமிடத்தில் பால் வடியும். நன்கு பழுத்த கனி உண்ணத்தக்கதாயினும், செடியை ஐயமற அறியாமல் குழந்தைகளை உண்ண விடலாகாது. இங்கு பரவலாக வளர்க்கப்படும் அரளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சாகும்.

புதிதாக நடுவதற்கு அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலம் ஏற்றது. பராமரிப்பு நிறுவனத் தொழிலாளர்களைக் கோடையில் அழைப்போர், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12:30 முதல் 3:00 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்குவதற்குச் சட்டப்படி தடை உள்ளதை நினைவிற்கொள்க. செடிக்கும் அவ்வேளை ஏற்றதன்று. அதிகாலையில் பாய்ச்சும் நீரே வேரைச் சென்றடையும்.