பண்ணைத் தங்கல்

பண்ணைத் தங்கல் என்பது வேளாண்மை நடைபெறும் ஒரு பண்ணையில், உழவர் குடும்பத்தின் விருந்தினராகக் கட்டணம் செலுத்தித் தங்குவதைக் குறிக்கும். பொதுவாக ஓர் அறையும் காலை உணவும் இக்கட்டணத்தில் அடங்கும். இது வேளாண் சுற்றுலாவின் ஒரு வகையாகும். இத்தாலி, பிரான்சு, செருமனி முதலிய நாடுகளில் பரவலாகக் காணப்படும் இம்முறையைத் தமிழ்நாட்டில் பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளில் காணலாம்.

பண்ணை வீடும் பண்ணைத் தங்கலும்

சென்னையைச் சூழ்ந்த பகுதிகளில் 'பண்ணை வீடு' என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றுட் பல, நீச்சல் குளமும் புல்வெளியும் கொண்டு நாள் வாடகைக்கு விடப்படும் விழா இல்லங்களே. பயிர்த்தொழில் நடைபெறாத இவற்றைப் பண்ணைத் தங்கல் எனக் கொள்வது பொருந்தாது.

ஈர்ப்பு

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம், திருநின்றவூர் போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் விளைநிலங்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. இங்கு வளரும் குழந்தைகளுட் பலருக்கு நாற்று நடவோ பால் கறத்தலோ கண்முன் காணும் செயல்கள் அல்ல. முந்தைய தலைமுறையினர் கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குச் சென்று இவற்றைக் கண்டனர். ஊரில் நிலமோ உறவோ எஞ்சாத குடும்பங்களுக்குப் பண்ணைத் தங்கல் அதற்கு ஒரு மாற்றாகிறது; கட்டணம் கொடுத்துப் பெறும் உறவுதான் எனினும்.

தங்குவோரை ஈர்ப்பது அறையின் வசதி அன்று. பண்ணையின் வேலை நேரமே அவர்களது நாளை வகுக்கிறது. விடியலில் பால் கறக்கப்படும். வாய்க்காலில் நீர் திருப்பப்படும். பறித்த காய் அன்றே சமையலுக்கு வரும். கொங்கு நாட்டில் சந்தகை, அரிசியும் பருப்பும் சோறு, கொள்ளுப் பருப்பு ஆகியவை விருந்தினருக்கும் பரிமாறப்படுகின்றன.

இதற்குத் தென்னை மிகவும் ஏற்ற பயிர் எனலாம். நெல் வயலில் அறுவடைக்குப் பின் பார்ப்பதற்கு அதிகம் இராது. தென்னையோ ஆண்டு முழுவதும் காய்ப்பது. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை காய் வெட்டப்படும். மட்டை உரித்தல், கொப்பரை உலர்த்தல், நார் பிரித்தல் என எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். நிழலும் உண்டு.

உழவருக்கு

தேங்காய் விலை நிலையற்றது. 2016 இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, வேர்வாடல் நோய் ஆகியவையும் தோப்புகளைத் தாக்கியுள்ளன. விருந்தினர் தரும் வருவாய் விளைச்சலைச் சார்ந்தது அன்று என்பதால் இத்தகைய காலங்களில் கைகொடுக்கும். ஆயினும் அதற்கு விலை உண்டு. அறையைத் தூய்மை செய்தல், சமையல், உபசரிப்பு ஆகிய வேலைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதே விழுகின்றன. அறுவடை நாளும் விருந்தினர் வரும் நாளும் ஒன்றாக அமைந்தால் நெருக்கடிதான்.

சட்டமும் வரையறையும்

விருந்தோம்பல் வருவாய் வேளாண் வருவாயை விஞ்சும்போது, பயிர் வெறும் அலங்காரமாகிவிடும் இடர் உள்ளது. இத்தாலி இதனை முன்னரே உணர்ந்தது. 1985 ஆம் ஆண்டுச் சட்டம், விருந்தினரைத் தங்க வைப்பது வேளாண்மைக்குத் துணைத் தொழிலாகவே இருத்தல் வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2006 ஆம் ஆண்டுச் சட்டம், விருந்தினர் எண்ணிக்கை பத்துக்கு மேற்படாத பண்ணைகளில் வேளாண்மையே முதன்மைத் தொழில் எனக் கருதப்படும் என்கிறது.

இந்தியாவில் நடுவண் சுற்றுலா அமைச்சின் 'படுக்கையும் காலை உணவும்' திட்டம், உரிமையாளர் குடும்பத்துடன் வசிக்கும் வீடுகளில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விட வழி செய்தது. தங்கம், வெள்ளி என இரு தரங்கள் அதில் வகுக்கப்பட்டன. அத்திட்டத்தின் நோக்கு வீட்டைப் பற்றியது. தோட்டத்தில் பயிர் உள்ளதா என்பது அதன் அளவுகோல் அன்று. மகாராட்டிர மாநிலம் 2020 இல் வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது.