உங்களுக்குத் தெரியுமா? ஹாம் வானொலிக்காரர்களின் வெட்டிப்பேச்சு

வெட்டிப்பேச்சுக்கு சர்வதேச ஒப்பந்தமே அனுமதி கொடுத்திருக்கிறது. பொழுதுபோக்காக வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்து ஊர் உலகத்தோடு பேசுபவர்களை ஹாம் என்பார்கள். ஒரு நாட்டு ஹாம் இன்னொரு நாட்டு ஹாமிடம் எதைப் பேசலாம் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதி வகுத்திருக்கிறது. பல பத்தாண்டுகள் நடப்பில் இருந்த அந்த விதியின் சாரம் இதுதான்: கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது பற்றிப் பேசலாம். சொந்த விஷயமும் பேசலாம். ஆனால் அந்தச் சொந்த விஷயம், காசு செலவழித்துத் தந்தி கொடுக்கவோ போன் போடவோ தேவைப்படாத அளவுக்கு முக்கியமற்றதாக இருக்க வேண்டும்! முக்கியமான சேதியை எல்லாம் ஹாம்களே சும்மா சொல்லி அனுப்பிவிட்டால் தபால் தந்தி இலாகாக்களின் வருமானம் என்னாவது என்ற கவலை. 2003-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு இந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. சொந்த விஷயம் பேசும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.

★

அப்படியானால் எதைப் பேசக்கூடாது? வியாபாரம், விளம்பரம் கூடாது. பாட்டுப் போடக்கூடாது. மூன்றாம் ஆளுக்குப் புரியாதபடி சங்கேதத்தில் மறைத்துப் பேசக்கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படையே. அரசியலும் மதமும் வேண்டாம் என்பது பல நாடுகளில் அவர்களாகவே வைத்துக்கொண்ட மரியாதை. இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது மழை, வெயில், முழங்கால் வலி, பேரன் பேத்தி, மொட்டை மாடி ஆன்டெனா. நூறு வருடமாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், சலிக்கவே இல்லை.

★

நீளமாக அரட்டை அடித்ததற்குச் சான்றிதழ் உண்டு. 1914-இல் தொடங்கிய அமெரிக்க ஹாம்களின் சங்கமான அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக், 'ராக் சூவர்ஸ் கிளப்' என்று ஒன்றை வைத்திருந்தது. தகுதி ஒன்றே ஒன்று: இன்னொரு ஹாமுடன் முழுசாக அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டும். பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது கிடைக்காது.

★

அப்படி ஓடுகிறவர்கள் யார் என்கிறீர்களா? போட்டிக்காரர்கள். ஒரு வார இறுதியில் எத்தனை பேரைப் பிடித்தோம், எத்தனை நாடு தேறியது என்று எண்ணுகிற கூட்டம். அவர்கள் உரையாடலில் வழக்கமாக வரும் எண் 599. எதிராளியின் சிக்னல் எப்படி வந்தது என்பதற்கான மதிப்பெண் அது. 1934-இல் அமெரிக்க ஹாம் ஒருவர் உருவாக்கிய முறை: பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஐந்துக்கு, சிக்னலின் வலுவுக்கு ஒன்பதுக்கு, மோர்ஸ் ஒலியின் சுத்தத்துக்கு ஒன்பதுக்கு. ஒன்றுமே சரியாகக் கேட்காமல் மூன்று முறை பேரைத் திரும்பச் சொல்லச் சொன்னவர்கூடக் கடைசியில் 599 என்றுதான் கொடுப்பார். "சௌக்கியமா?" என்று கேட்டால் காய்ச்சலோடு படுத்திருப்பவரும் "சௌக்கியம்" என்பாரே, அந்த ரகம்.

★

விண்ணுக்குப் போன முதல் ஹாம் செயற்கைக்கோள் செய்த வேலை, சிரித்தது!

மோர்ஸில் பேசுகிறவர்கள் சிரிப்பு வந்தால் 'எச்', 'ஐ' என்ற இரண்டு எழுத்தை அடிப்பார்கள். நாலு புள்ளி, ஒரு சின்ன இடைவெளி, ரெண்டு புள்ளி. டிடிடிடி... டிடி. காதால் கேட்டால் கெக்கலி போலவே இருக்கும். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் மஞ்சள் முகம் அனுப்புவதற்கு எத்தனையோ காலம் முந்தைய சமாச்சாரம். கலிஃபோர்னியா ஹாம்கள் சிலர் சேர்ந்து ஆஸ்கர்-1 என்ற சின்னப் பெட்டியைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள். எடை ஏறக்குறைய நாலரை கிலோ. அமெரிக்க விமானப்படையின் ராக்கெட்டில் எடைச் சமநிலைக்காக ஏற்றவேண்டிய பாரத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வாங்கிய இடத்தில், 1961 டிசம்பர் 12 அன்று அது மேலே போனது. அதன் சக்தி வெறும் 140 மில்லிவாட். சுற்றிச் சுற்றி வந்து அந்த இரண்டு எழுத்தை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. வேடிக்கைக்காக மட்டும் இல்லை: பெட்டிக்குள் வெப்பம் கூடினால் சிரிப்பின் வேகம் மாறும், அதை வைத்தே கீழே இருந்தவர்கள் வெப்பநிலையைக் கணக்கிட்டார்கள். சுமார் மூன்று வாரம் சிரித்தது. 28 நாடுகளைச் சேர்ந்த 570-க்கும் மேற்பட்ட ஹாம்கள் கேட்டு எழுதி அனுப்பினார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ கோளையும் அனுப்பியது. ஹாம்களின் பேச்சைக் கீழிருந்து வாங்கித் திரும்பக் கீழே விடுவதுதான் அதன் வேலை. 2014 வரை அது ஊர்வம்பைச் சுமந்தது.

★

விடைபெறும்போது 73 என்பார்கள். அன்பான வணக்கங்கள் என்று பொருள். வானொலி பிறப்பதற்கு முன்பே, 1850-களில், அமெரிக்கத் தந்தி ஆபரேட்டர்கள் கையாண்ட எண் அது. கணவன் மனைவி, காதலர்களுக்கு 88. பெண் ஹாம்கள் 1939-இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது 33.

★

உருப்படாத இடம் என்று ஒதுக்கித் தள்ளிய அலைவரிசையில்தான் இவர்களுக்கு யோகம் அடித்தது. 1912-இல் அமெரிக்கச் சட்டம் நீண்ட அலைகளைக் கப்பலுக்கும் கடற்படைக்கும் வைத்துக்கொண்டு, 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள குறு அலைகளை ஹாம்களுக்குக் கொடுத்தது. அது எங்கேயும் போய்ச் சேராது என்பது அன்றைய நிபுணர்கள் கணிப்பு. ஹாம்கள் 100 மீட்டர் வாக்கில் இறங்கிப் பார்த்தார்கள். 1923 நவம்பர் கடைசியில் பிரான்ஸின் நீஸ் நகரத்து லியோன் தெலுவாவும் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த பிரெட் ஷ்னெலும் அட்லாண்டிக்கைத் தாண்டி முதன்முதலாக இருபுறமும் பேசிக்கொண்டார்கள். வானத்து அயனமண்டலம் குறு அலையைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது என்பது நடைமுறையில் எல்லோருக்கும் புரிந்தது அப்போதுதான்.

★

மறு வருடம் நடந்தது இன்னும் ருசியானது. 1924 அக்டோபர் 18. லண்டன் மில் ஹில் பள்ளியில் செசில் கோய்டர் என்ற 18 வயது மாணவர் மோர்ஸ் சாவியோடு உட்கார்ந்திருக்கிறார். பூமிப்பந்தின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கத்தில், நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில், ஷாக் வேலி ஆட்டுப்பண்ணையில் பிராங்க் பெல் என்பவர் பதில் கொடுக்கிறார். ஏறக்குறைய 19,000 கிலோமீட்டர். இதைவிட ரொம்பத் தூரமாய்ப் பேசவேண்டும் என்றால் பூமியில் இடமே கிடையாது! பிராங்க் பிறகு பண்ணை வேலையில் மூழ்கிவிட, நிலையத்தை எடுத்து நடத்தியவர் அவருடைய சகோதரி பிரெண்டா. நியூசிலாந்தின் முதல் பெண் ஹாம் அவர்தான்.

அந்தப் பள்ளி மாணவர் என்ன ஆனார்? இந்தியாவுக்கு வந்தார். 1936-இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்றுப் பத்தாண்டுகள் இருந்தார். நாட்டின் குறு அலை ஒலிபரப்பு அமைப்புக்குத் திட்டம் போட்டவர் அவர். 1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

★

ஆனால் சென்னைக்கு வானொலி அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது, அதுவும் பொழுதுபோக்குக்காரர்கள் தயவால். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 முதல் 40 வாட் கருவியில் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. பணமுடையால் 1927-இல் கையை விரித்தது. கருவி மாநகராட்சிக்குப் போனது. மாநகராட்சி அதை வைத்து 1930 முதல் ஒலிபரப்பியது.

★

ஹாம் உலகில் ஆண் பிள்ளை யாராக இருந்தாலும் 'ஓல்டு மேன்', பதினைந்து வயதுப் பையன் உட்பட. பெண் யாராக இருந்தாலும் 'யங் லேடி', எண்பது வயதுப் பாட்டியும்தான். பின்னதைப் பற்றி யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

★

ஜோர்டான் மன்னராக இருந்த ஹுசேன் ஒரு ஹாம். அவரது அழைப்புக்குறி, அதாவது வானொலியில் அவரை அடையாளம் காட்டும் குறி, ஜே.ஒய்.1. அரண்மனையிலிருந்து கூப்பிடுவார், "என் பெயர் ஹுசேன்" என்பார், அவ்வளவுதான். எதிர்முனையில் இருக்கிற பள்ளிக்கூட வாத்தியாரோ லாரி ஓட்டுநரோ அழைப்புக்குறியைக் கேட்டுத்தான் திடுக்கிட வேண்டும். இந்தியாவில் ராஜீவ் காந்தி வி.யு.2 ஆர்.ஜி., சோனியா காந்தி வி.யு.2 எஸ்.ஓ.என்.

★

1983 நவம்பர் இறுதியில் கொலம்பியா விண்கலத்தில் போன ஓவன் காரியட், கையடக்க வானொலி ஒன்றையும் ஜன்னலில் பொருத்தும் ஆன்டெனாவையும் கூடவே கொண்டுபோனார். அதுவரை விண்வெளி வீரர்கள் வானொலியில் பேசியதெல்லாம் உத்தியோக விஷயம். ஓய்வு நேரத்தில் சாதாரணப் பொதுமக்களோடு விண்ணிலிருந்து பேசிய முதல் ஹாம் அவர். அப்போது பிடித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மேலே சொன்ன மன்னரேதான். காரியட்டின் மகன் ரிச்சர்டும் 2008-இல் சொந்தச் செலவில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், அப்பாவைப் போலவே அங்கிருந்து ஹாம்களோடு பேசினார்.

இதே வரிசையில் செர்கெய் கிரிக்கலேவ் கதை கொஞ்சம் கனமானது. 1991 மே மாதம் சோவியத் குடிமகனாக மிர் நிலையத்துக்குப் போனவர். அவர் மேலே இருக்கும்போதே அந்த நாடு இல்லாமல் போய்விட்டது. அவர் இறங்குவதற்கான ஆள் மாற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 311 நாள் கழித்து 1992 மார்ச்சில் இறங்கினார். அந்த நாட்களில் நிலையத்தின் ஹாம் வானொலி அவருக்குப் பேச்சுத்துணை. ஆஸ்திரேலியப் பெண் ஹாம் ஒருவர் வாடிக்கையாகத் தொடர்பில் இருந்து வெளியுலகச் செய்திகளையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றும் விண்வெளி நிலையத்தில் ஹாம் கருவி உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்க, வீரர்கள் பதில் சொல்வார்கள். நிலையம் தலைக்கு மேலே கடந்து போக ஆகும் நேரம் பத்து நிமிடம்தான். ஆகவே முன்னுரை, வரவேற்புரை எல்லாம் கிடையாது. நம் ஊர் விழாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு!

★

நிலவில் பட்டுத் திரும்பும் அலையில் பேசுகிறவர்களும் உண்டு. ஹாம்கள் 1960-லேயே இதைச் சாதித்தார்கள். "ஹலோ" என்று சொல்லிவிட்டு இரண்டரை நொடி பொறுத்தால் உங்கள் குரலே திரும்ப வரும்.

★

1976 ஜூலையில் குறு அலை முழுக்க 'டக் டக் டக்' என்று விநாடிக்குப் பத்துத் தட்டல் கேட்க ஆரம்பித்தது. பேச்சு நடுவில் புகுந்து மேயும், அலைவரிசை மாற்றினால் அங்கேயும் வரும். எரிச்சலடைந்த ஹாம்கள் அதற்கு 'ரஷ்ய மரங்கொத்தி' என்று பேர் வைத்தார்கள். சோவியத்தின் பிரம்மாண்ட ஏவுகணை எச்சரிக்கை ரேடார் அது. அதன் ஒரு பகுதி செர்னோபில் அருகே இன்னும் நிற்கிறது. சில ஹாம்கள் அதே தாளத்தில் திருப்பித் தட்டி அதைக் குழப்பப் பார்த்தார்கள். மரங்கொத்தி ஓய்ந்தது 1989 டிசம்பரில்.

★

பசிபிக் நடுவே பிட்கெர்ன் தீவு. மக்கள் சில டஜன் பேர்தான். 1789-இல் பவுண்டி கப்பலில் கலகம் செய்த பிளெட்சர் கிறிஸ்டியனும் அவர் கூட்டாளிகளும் ஒளிந்துகொள்ளப் போன இடம். ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று போன அந்த மனிதரின் வம்சத்தில் வந்த டாம் கிறிஸ்டியன், உலகமே தேடிப் பிடிக்க ஆசைப்பட்ட ஹாம். பல பத்தாண்டுகள் தீவின் குரலாக இருந்து 2013-இல் காலமானார்.

★

பாரதி பிரசாத் என்ற பெண் ஹாமின் குழு 2004 டிசம்பரில் அந்தமானுக்குப் போனது. வி.யு.4 என்று தொடங்கும் அந்தமான் அழைப்புக்குறியை ஹாம்கள் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அதனால் உலகம் முழுக்க முண்டியடித்து அவர்களைப் பிடித்தார்கள். வெறும் எண்ணிக்கை விளையாட்டு. டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்தது, சுனாமி வந்தது, தொலைபேசி போனது. போர்ட் பிளேரில் சுற்றுலா விடுதியில் இருந்த அந்தக் கருவிகள் வெளியுலகத்தோடு பேசும் வழியாயின. யார் உயிரோடு இருக்கிறார், யாரைக் காணோம் என்று நிலப்பகுதி உறவினர்களுக்குச் சேதி சொன்னார்கள். குழுவில் சிலர் வானொலியோடு கார் நிக்கோபாருக்கும் போனார்கள். நினைத்துப் பாருங்கள், முதல் பத்தியில் சொன்ன பழைய விதிப்படி பார்த்தால் அன்று அவர்கள் பேசியது அத்தனையும் முக்கியமான செய்தி.

★

2005 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜே லெனோ நடத்திய நிகழ்ச்சியில் ஒரு பந்தயம். ஒரு பக்கம் கைப்பேசியில் குறுஞ்செய்தி தட்டுவதில் கெட்டிக்கார இளைஞர்கள் இருவர், மறுபக்கம் மோர்ஸ் அடிக்கும் ஹாம்கள் இருவர். ஒரே வாக்கியத்தை யார் முதலில் சேர்ப்பது என்று போட்டி. ஹாம்கள் சுலபமாக ஜெயித்தார்கள்.

★

நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர் ஹாம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைக்கிறது. கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிமுறை, உயர்நிலை உரிமம் வேண்டுமென்றால் கேள்விகள் கூடுதல். எதையெல்லாம் பேசக்கூடாது என்று நிச்சயம் கேட்பார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தடையில்லை.