ஓரக்குறிப்பில் ஒரு ரங்கூன்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் செண்பகனூரில் இறங்கினால் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 1895-ல் இயேசு சபையார் அங்கே தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் ஓர் ஆவணக் காப்பகமும் உண்டு. மதுரை மிஷன் பாதிரிமார் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் அங்கே சேர்ந்தன. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று எழுதிய பதிவேடுகள் மட்டும் அந்தந்தப் பங்குக் கோயிலின் அலமாரியிலேயே தங்கிவிட்டன. ஆகவே தாத்தாவின் தாத்தாவைத் தேடி வருகிறவர் மலையும் ஏற வேண்டும், ஊருக்கும் போக வேண்டும்.

1606-ல் ராபர்ட் தெ நொபிலியோடு மதுரையில் வேர்விட்ட மிஷன் அது. 1773-ல் சபை கலைக்கப்பட்டபோது அறுந்து, 1838-ல் பிரெஞ்சுப் பாதிரிமார் வந்து மறுபடி தழைத்தது. அவர்கள் யாருடைய குடும்ப வரலாற்றையும் எழுத வந்தவர்கள் அல்லர். ஆனால் கலியாணம் அவர்களை அதில் இழுத்துவிட்டது. நமக்கு அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண். திருச்சபைச் சட்டத்துக்கோ அது தடையுள்ள உறவு, விலக்குப் பெற்றால்தான் மணம் முடிக்கலாம். விலக்குக் கேட்க வேண்டுமானால் மாப்பிள்ளையும் பெண்ணும் எந்தப் பாட்டன் பாட்டி வழியில் இணைகிறார்கள் என்று தெரிய வேண்டும். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும் அதற்குத்தான்: தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். வெளிநாட்டுச் சாமியாருக்கு இந்த உறவுக் கணக்கு எப்படிப் பிடிபடும்? ஊர் உபதேசியார்தான் சொல்ல வேண்டும். கையெழுத்து சாமியாருடையது, அறிவு உபதேசியாருடையது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் முதல் வம்சாவளி ஆய்வாளர் என்று நான் சொல்வது அவரைத்தான்.

அதே மலையில் அமெரிக்கர்களின் கதை வேறு. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டியது. அவர்கள் அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஆங்கிலேய குருமார் தங்கள் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்ததால், அவை பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய், இன்று இணையத்திலும் கிடைக்கின்றன. 1998-ல் உருவான பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தன்னார்வலர்கள் இன்னும் பெயர்ப் பட்டியல்களைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருப்பவர் வீட்டிலிருந்தே தன் கொள்ளுப்பாட்டியின் திருமணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பெரியகுளம் பக்கத்திலிருந்து அந்தத் துரைமாரை டோலியில் தூக்கி ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. இது எனக்கு உறுத்துகிறது.

நம் பக்கம் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் ஒட்டிக்கொண்டு வரும், அதுவும் அடுத்த தலைமுறையில் மாறிவிடும். ஒரே ஊரில் ஒரே காலத்தில் எத்தனை சவரிமுத்து, எத்தனை ஆரோக்கியம்! பதிவேட்டின் வரி லத்தீனில் இருக்கும்: பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தாய் தந்தை, ஊர், ஞானத்தாய், ஞானத்தந்தை. பழகியவர்கள் தகப்பன் பெயரோடு நின்றுவிடுவதில்லை, ஞானப்பெற்றோரைப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருக்கும். இந்தச் சவரிமுத்து எந்த வீட்டுச் சவரிமுத்து என்பது அங்கே பிரிந்துவிடும்.

இன்று இந்த வேலையை மிஷன் பணியாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். யூட்டாவை மையமாகக் கொண்ட மார்மன் சபை 1894-ல் வம்சாவளிச் சங்கம் தொடங்கி, 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை நுண்படம் எடுத்தது. ஹரித்துவாரின் தீர்த்தப் புரோகிதர்களான பண்டாக்களின் வம்சாவளிச் சுவடிகளும் அதில் அடக்கம். வயதான தம்பதிகள் மாதக்கணக்கில் ஊரைவிட்டு வந்து, யாருடைய மூதாதையரையோ தேடிக் கொடுப்பதை ஊழியமாக ஏற்கிறார்கள். ஆனால் இறந்தவர்களுக்காகப் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் கொடுப்பதும் அந்தச் சபையின் நம்பிக்கை. அதனால் 2008-ல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை அவர்களுக்குப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று மறைமாவட்டங்களுக்குச் சொல்லிவிட்டது. அந்த மறுப்பு நியாயமானதுதான். ஆனால் மறுத்தவர்களே அந்த வேலையைச் செய்யவும் வேண்டும். காகிதத்தை அரிக்கும் பூச்சிக்கும் மலைக்காற்றின் ஈரத்துக்கும் வேதசாஸ்திரம் தெரியாது. ஒரு கேமராவும் லத்தீன் சுருக்கங்களைப் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் ஒரு பங்கின் ஏடுகளை ஒரு கோடை விடுமுறையில் படமெடுத்து, பட்டியலும் போட்டுவிடலாம். குருமடத்து மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி எனக்குத் தோன்றவில்லை.

கேட்டு வருகிறவர்களின் கேள்வியும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பங்குச் சாமியாரிடம் போவது சான்றிதழுக்காக. இப்போது மலேசியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும், எங்கள் ஊர் எது என்று கேட்டு வருகிறார்கள். ஊர் தெரிந்துவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஏட்டின் ஓரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சட்டப்படி, ஒருவர் எங்கே மணம் முடித்தாலும் அந்தக் கோயில், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இங்குள்ள சாமியார் அதைப் பழைய வரியின் ஓரத்தில் குறித்துவைப்பார். கப்பலேறிப் போன மகனைப் பற்றி வீட்டுக்கு ஒரு கடிதமும் வராமல் இருந்திருக்கலாம். விதிப்படி அந்தத் தகவல் வந்து சேர்ந்திருந்தால், அவன் பெயருக்குப் பக்கத்தில் ரங்கூன் என்றோ பினாங்கு என்றோ, ஒரு தேதியும் அவன் மணந்த பெண்ணின் பெயருமாக இருக்கும்.